ரோமில் உட்காரும் முன் விலை கேளுங்கள்

விடுமுறைக்கு இத்தாலி போகத் திட்டமிடுகிறவர்கள், போய் வந்தபின் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்கள் என்று இரண்டு தரப்பிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எல்லாம் ரோம் நகரைப் பற்றியவை. அந்த ஊரில் நான் இரண்டு முறை தங்கியிருக்கிறேன். முதல் முறை கற்றுக்கொண்டதை இரண்டாம் முறை பயன்படுத்தினேன். செலவு பாதியாகக் குறைந்தது.

கேள்வி: வத்திக்கானுக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் நாங்கள் நான்கு பேர் சாப்பிட்டோம். சாப்பிட்டதைக் கூட்டினால் 62 யூரோதான் வருகிறது. பில் 83.60 யூரோ. கேட்டால் மெனுவைக் காட்டி ஏதோ சொன்னார்கள், புரியவில்லை. ஏமாந்துவிட்டோமா? (மதுரை வாசகி)

பதில்: முழுக்க ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். நீங்கள் அனுப்பிய பில்லில் சாப்பாட்டுக்கு மேல் மூன்று தொகைகளை மூன்று வரிகளில் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

முதல் வரி 'பானே', எட்டு யூரோ. பானே என்றால் ரொட்டி. ஆளுக்கு இரண்டு யூரோ போட்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்காமலேயே ஒரு கூடையில் வந்திருக்கும். நம் ஊரில் சாப்பாட்டோடு அப்பளம் வருவது போல நினைத்துச் சாப்பிட்டிருப்பீர்கள். இதன் பின்னணி தெரிந்தால் உங்களுக்குப் பயன்படும். ரோம் நகரம் இருக்கும் லாட்சியோ பிராந்தியத்தில் 2006-ல் வந்த ஒரு சட்டம், உணவகங்கள் 'கொபெர்தோ' வாங்குவதைத் தடை செய்கிறது. மேசைவிரிப்பு, தட்டு, கரண்டிக்கென்று ஆளுக்கு இவ்வளவு என வாங்கும் தொகைதான் கொபெர்தோ. புளோரன்சிலும் வெனிசிலும் மிலானிலும் அது சகஜம். மெனுவில் அச்சிட்டிருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். ரோமில் அதை வாங்கக் கூடாது. ஆனால் ரொட்டிக்குக் காசு வாங்கத் தடை இல்லை. அதனால் கொபெர்தோ இருந்த இடத்தில் பல கடைகளில் பானே வந்துவிட்டது. நமக்கு இதில் ஒரு நன்மை உண்டு: மேசைவிரிப்பை வேண்டாம் என்று சொல்ல முடியாது, ரொட்டியைச் சொல்லலாம். கூடை வந்தவுடன், கை வைப்பதற்கு முன், 'நியென்தே பானே, கிராத்சியே' என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இரண்டாவது வரி தண்ணீர், இரண்டு பாட்டில், ஆறு யூரோ. இதில் தவறில்லை. அங்கே உணவகத்தில் தண்ணீர் என்றால் பாட்டில்தான். குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்கும் கட்டாயம் கடைக்கு இல்லை. 'நத்துராலே' என்றால் சாதாத் தண்ணீர், 'ஃப்ரித்சாந்தே' என்றால் சோடா.

மூன்றாவது 'செர்வித்சியோ', 7.60 யூரோ. அதாவது சேவைக் கட்டணம் பத்து சதவீதம். இதையும் வாங்கலாம், ஆனால் எத்தனை சதவீதம் என்பது மெனுவில் முன்கூட்டியே இருக்க வேண்டும். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும். அவர்கள் உங்களுக்குக் காட்டியது அந்த வரியாகத்தான் இருக்கும். இதை வாங்கிய கடையில் டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. வாங்காத கடையிலும் டிப்ஸ் கட்டாயம் கிடையாது. மனம் இருந்தால் ஒன்றிரண்டு யூரோ வைக்கலாம்.

ஆக, உங்களிடம் திருடவில்லை. தெரியாதவர்களிடம் எவ்வளவு வாங்கலாமோ அவ்வளவும் வாங்கியிருக்கிறார்கள். அந்த ஊரில் சுற்றுலாப் பயணி இழக்கும் பணத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது: விலை எங்கோ எழுதித்தான் இருக்கிறது, நாம் படிக்காமல் உட்கார்ந்துவிடுகிறோம். இத்தாலியச் சட்டப்படி விலைப்பட்டியலை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறும் உணவகமாக இருந்தால் வாசலிலேயே மாட்டியிருப்பார்கள். அது இல்லாத கடை, வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆள் கூப்பிடும் கடை, இரண்டையும் தாண்டிப் போய்விடுங்கள்.

இவை எல்லாம் சில்லறை. பெரிய தொகை போவது மீனில். என் முதல் பயணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மெனுவில் ஒரு முழு மீன், பக்கத்தில் 7 யூரோ என்று இருந்தது. நல்ல விலை என்று சொல்லிவிட்டேன். பில்லில் 63 யூரோ வந்தது. அந்த ஏழு யூரோ ஓர் 'எத்தோ'வுக்கு, அதாவது நூறு கிராமுக்கு. வந்த மீன் 900 கிராம். விலைக்குப் பக்கத்தில் அந்தச் சொல் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. ஆனால் இவ்வளவு எடையுள்ள மீன், இவ்வளவு ஆகும் என்று பரிமாறுபவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்ல கடைகளில் மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டி, எடை சொல்லி, சம்மதம் கேட்ட பிறகுதான் அடுப்பில் வைக்கிறார்கள். இரண்டாம் பயணத்தில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

விலைக்குப் பக்கத்தில் 'எத்தோ', 'கிலோ' என்ற சொல்லோ, எஸ், கியூ என்ற இரண்டு எழுத்துகளோ இருந்தால் எடையைப் பொறுத்து விலை என்று பொருள். மீன், சிங்கி இறால், எலும்போடு வரும் பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஆகியவற்றில் இது வரும். தீயில் வைப்பதற்கு முன் மொத்த விலையைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். 2019-ல் ரோமில் இரண்டு ஜப்பானியப் பெண்களுக்கு மீனோடு ஸ்பகெத்தி இரண்டு தட்டுக்கும் தண்ணீருக்கும் 429.80 யூரோ பில் போட்ட செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அதில் டிப்ஸ் மட்டும் 80 யூரோ. அப்போதும் பேச்சு இதே இடத்துக்குத்தான் வந்தது: முன்கூட்டிச் சொன்னார்களா, இல்லையா?

மெனுவில் ஒரு பண்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், அது உறைய வைத்த பொருளிலிருந்து செய்தது என்று அர்த்தம். கடைக்காரர் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதால்தான் அந்தக் குறி. கடல் உணவு சாப்பிடுகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம், பில்லில் மெனுவில் இல்லாத தொகை இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். மெனுவை ஆர்டர் கொடுக்கும்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பண்டமும் தனித்தனியாகப் போட்ட பில் கேளுங்கள். வெறும் துண்டுத்தாளில் மொத்தத் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். வரிக்கணக்கில் சேரும் அச்சிட்ட ரசீதைக் கடைக்காரர் கொடுத்தாக வேண்டும். ரசீதே தராத கடையைப் பற்றிச் சொல்ல 117 என்ற எண் இருக்கிறது. அது வரி, நிதிக் குற்றங்களைப் பார்க்கும் காவல்படையின் எண். விலைப்பட்டியல் பற்றிய தகராறு என்றால் நகராட்சிக் காவலரிடம் போகலாம். என் அனுபவத்தில், 'மெனுவில் இது எங்கே இருக்கிறது, காட்டுங்கள்' என்று நிதானமாகக் கேட்டாலே பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடுகிறது.

கேள்வி: கொலோசியத்துக்கு அதிகாரபூர்வ தளத்தில் எங்கள் தேதிக்கு டிக்கெட் தீர்ந்துவிட்டது. வேறொரு தளத்தில் ஆளுக்கு 55 யூரோ கேட்கிறார்கள். வாங்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: உடனே வாங்காதீர்கள். கொலோசியம், ரோமானிய மன்றம், பாலத்தீன் குன்று மூன்றுக்கும் சேர்த்து 24 மணி நேரம் செல்லும் சாதாரணச் சீட்டு 18 யூரோ. 55 யூரோவுக்கு அவர்கள் அதோடு என்ன தருகிறார்கள் என்று பாருங்கள். உரிமம் பெற்ற வழிகாட்டி ஒன்றரை மணி நேரம் கூட வந்து விளக்குகிறார் என்றால் அது ஒரு நியாயமான பொருள். வெறும் 'வரிசையில் நிற்க வேண்டாம்' என்பது மட்டும்தான் என்றால் வேண்டாம். நேரம் குறித்த சீட்டு வைத்திருக்கும் எல்லாரும் ஒரே வரிசைதான். பாதுகாப்புச் சோதனையை யாருக்கும் தாண்டித் தர முடியாது.

டிக்கெட் தீர்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 ஏப்ரலில் வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் இத்தாலிய ஆணையம், கொலோசிய டிக்கெட் விற்பனையை முன்பு நடத்திய நிறுவனத்துக்கும் ஆறு சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடி யூரோ அபராதம் போட்டது. தானியங்கி மென்பொருள் வைத்துச் சீட்டுகளை மொத்தமாக அள்ளி, வழிகாட்டி, வந்து அழைத்துப்போதல் என்று ஏதாவது சேர்த்துக் கூடுதல் விலைக்கு விற்றது வழக்கு. நேர்மையாகக் காலையில் எழுந்து தளத்தைத் திறந்த குடும்பங்களுக்குச் சீட்டு கிடைக்காமல் போனது இதனால்தான். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

சரி, என்ன செய்யலாம்? சீட்டுகள் பயணத் தேதிக்கு 30 நாள் முன்னால் திறக்கும். தளத்தின் முகவரி ticketing.colosseo.it. தேடுபொறியில் முதலில் வருவது விளம்பரம்; அதைச் சொடுக்காமல் முகவரியை நேராக அடியுங்கள். 2023 அக்டோபரிலிருந்து சீட்டில் பெயர் இருக்கிறது, வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். அதனால் வாசலில் 'என்னிடம் ஒரு சீட்டு மிச்சம்' என்று யாராவது வந்தால் அதை வைத்து நீங்கள் உள்ளே போக முடியாது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும், அரசு அருங்காட்சியகங்களிலும் கொலோசியத்திலும் கட்டணம் இல்லை. ஆனால் அவர்களுக்கும் பூஜ்ய விலைச் சீட்டு எடுத்தாக வேண்டும். மறந்துவிட்டு வாசலில் குழந்தையோடு நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

வத்திக்கான் அருங்காட்சியகம் வேறு நாடு, வேறு விதி. ஞாயிறன்று மூடியிருக்கும், மாதக் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசம், கூட்டம் தாங்காது.

கேள்வி: ஒரே கடையில் ஒரே காபி. பக்கத்தில் நின்றவருக்கு 1.30 யூரோ, எனக்கு 5 யூரோ. வெளிநாட்டுக்காரன் என்பதாலா? (திருச்சி வாசகர்)

பதில்: இல்லை. நீங்கள் உட்கார்ந்தீர்கள், அவர் நின்றார். 'அல் பாங்கோ' என்பது கவுண்டரில் நின்று குடிக்கும் விலை, 'அல் தாவொலோ' மேசை விலை. இரண்டும் பட்டியலில் தனித்தனியாக இருக்கும். சதுக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் மேசையில் விலை மூன்று, நான்கு மடங்காவது சாதாரணம். அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்க்கப் போகிறீர்கள் என்றால் அது இடத்துக்கான வாடகை, கொடுக்கலாம். காபி மட்டும் போதும் என்றால் நின்று குடியுங்கள். பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, அந்தச் ரசீதைக் கவுண்டரில் வைத்தால்தான் காபி வரும். இன்னொன்று: 'லாத்தே' என்று மட்டும் கேட்டால் ஒரு டம்ளர் வெறும் பால்தான் வரும். பால் கலந்த காபிக்கு 'கப்புச்சீனோ' என்றோ 'கஃபே லாத்தே' என்றோ சொல்ல வேண்டும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், அம்மா முட்டைகூடச் சாப்பிட மாட்டார். ஐந்து நாள் ரோமில் வெறும் பழமும் ரொட்டியும் சாப்பிட்டா இருக்க முடியும்? (கும்பகோணம் வாசகி)

பதில்: கவலைப்பட வேண்டாம், நன்றாகவே சாப்பிடலாம். ஆனால் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ரோமின் புகழ்பெற்ற பாஸ்தா நான்கு: காச்சோ எ பேப்பே, கிரீச்சா, அமத்ரிச்சானா, கர்பொனாரா. கடைசி மூன்றிலும் குவான்சாலே என்னும் பன்றிக் கன்ன இறைச்சி உண்டு. காச்சோ எ பேப்பே பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும்தான், சைவம் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அதில் போடும் பெக்கொரீனோ ரொமானோ, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டை வைத்து உறைய வைத்தது. மேலே தூவும் பார்மிஜானோவும் கன்றின் ரென்னெட்டில் உறைவது. இதை உங்களிடம் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஏற்பதும் தவிர்ப்பதும் உங்கள் வீட்டு முடிவு.

முட்டை விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. ஸ்பகெத்தி, பென்னே, ரிகதோனி போன்ற காய்ந்த பாஸ்தா வெறும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். கடையிலேயே உருட்டிச் செய்யும் ஃபெத்துச்சீனே போன்ற புதிய பாஸ்தாவில் முட்டை இருக்கும். அம்மாவுக்கு 'பென்னே அல் அரபியாத்தா' வாங்கிக் கொடுங்கள். தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய். நம் நாக்குக்கு ஒத்துப்போகும். 'சென்சா ஃபொர்மாஜியோ' என்றால் பாலாடைக்கட்டி தூவ மாட்டார்கள். பீட்சாவில் 'மரினாரா' கேளுங்கள்: தக்காளி, பூண்டு, எண்ணெய், ஓரிகானோ, பாலாடைக்கட்டி இல்லை.

காய்கறி வேண்டுமானால் மெனுவில் 'கொந்தோர்னி' என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே 'சிகோரியா ரிபஸ்ஸாத்தா' என்று ஒன்று இருக்கும். கீரையை வேக வைத்து, பூண்டும் மிளகாயும் போட்டு எண்ணெயில் வதக்கியது. நம் வீட்டுக் கீரைப் பொரியலை நினைவுபடுத்தும், கொஞ்சம் கசக்கும். குளிர்காலம் முடிந்து வசந்தம் வரும் சமயம் போனால் 'கார்ச்சோஃபி' என்னும் ஆர்ட்டிசோக் காயை விடாதீர்கள். ரோமின் யூதக் குடியிருப்புப் பகுதியில் அதை முழுசாக, பூ விரிந்தது போல எண்ணெயில் பொரித்துத் தருவார்கள். இதழ் ஒவ்வொன்றும் வற்றல் மாதிரி நொறுங்கும்.

மறைந்திருக்கும் அசைவம்தான் ஆபத்து. பூசணிப்பூ பஜ்ஜி என்று ஆசைப்பட்டு 'ஃபியோரி தி சூக்கா' வாங்கிவிடாதீர்கள். உள்ளே மொட்சரெல்லாவோடு நெத்திலி வைத்திருப்பார்கள். 'புந்தரெல்லே' என்ற பச்சைக் கீரை சாலட்டின் சாறிலும் நெத்திலி. 'சுப்ளி' என்ற சோற்று உருண்டையில் பொதுவாகக் கைமா. சூப்பும் ரிசோத்தோவும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததாக இருக்கலாம். அதன் பெயர் 'புரோதோ'. இனிப்புகளில், பன்னா கொத்தாவில் ஜெலட்டின், திரமிசூவில் முட்டை. ஒரு தாளில் 'சென்சா கார்னே, சென்சா பெஷ்ஷே, சென்சா உவோவா' என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இறைச்சி, மீன், முட்டை இல்லாமல். அவசரத்துக்கு, துண்டு போட்டு எடைக்கு விற்கும் பீட்சாக் கடைகளில் உருளைக்கிழங்கும் ரோஸ்மேரியும் போட்டது கிடைக்கும். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் அந்த அளவு வெட்டித் தருவார்கள். அதற்கும் விலை எடைக்குத்தான். நம் ஊர்ச் சாப்பாட்டு ஏக்கம் வந்துவிட்டால் தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எஸ்குவிலீனோ பகுதிக்குப் போங்கள். இந்திய, வங்கதேசக் கடைகள் நிறைய இருக்கின்றன.

கேள்வி: டிராவல்ஸ் பேக்கேஜில் 'ரோம் நகரச் சுற்றுலா, கொலோசியம் உட்பட' என்று போட்டிருந்தது. பஸ்ஸில் இருந்தபடியே காட்டிவிட்டு, பதினைந்து நிமிடம் போட்டோ எடுக்க இறக்கிவிட்டார்கள். உள்ளே போகவே இல்லை. புகார் செய்ய முடியுமா? (கோவை வாசகர்)

பதில்: பயணத்திட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தது. 'பானரோமிக் டூர்', 'ஓரியண்டேஷன் டூர்', 'போட்டோ ஸ்டாப்' என்ற சொற்களில் எது இருந்தாலும் வெளியிலிருந்து பார்ப்பது மட்டும்தான். 'நுழைவுக்கட்டணம் உட்பட' என்ற சொல் இருந்தால்தான் உள்ளே அழைத்துப் போவார்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு இடத்துக்கும் எதிரில் 'உள்ளேயா, வெளியேயா, எத்தனை நேரம்' என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சாப்பாட்டுக்கும் அப்படியே. 'இந்திய இரவு உணவு' என்றால் எந்தப் பகுதியில், சைவத்துக்குத் தனி ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். மாலை ஆறரைக்கே பஃபேயில் உட்கார வைத்து, ஊர் விழிக்கும் நேரத்தில் ஹோட்டலில் அடைத்துவிடும் திட்டங்கள் இருக்கின்றன. ரோமில் இரவுச் சாப்பாடு ஏழரைக்கு மேல்தான் தொடங்கும்.

உங்கள் வழக்கில், விளம்பரத்தில் 'உட்பட' என்று போட்டுவிட்டு எங்கும் விளக்கவில்லை என்றால் புகாருக்கு இடம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் அங்கே போக வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். விளம்பரத் தாள், பணம் கட்டிய ரசீது, பயணத்திட்டம், அந்த நாளில் எடுத்த படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

கேள்வி: கார்டு தேய்க்கும்போது 'ரூபாயா, யூரோவா' என்று இயந்திரம் கேட்கிறது. எது லாபம்? (சேலம் வாசகி)

பதில்: எப்போதும் யூரோ. ரூபாயை அழுத்தினால், மாற்று விகிதத்தைக் கடைக்காரருக்காகக் கார்டில் பணம் வாங்கும் நிறுவனம் தன் இஷ்டத்துக்குப் போடும். தொகை பழக்கமான ரூபாயில் தெரிவதால் மனதுக்கு நிம்மதியாக இருக்கும், பணம்தான் கூடுதலாகப் போகும். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான். சில கடைகளில் பரிமாறுபவரே அவசரமாக ரூபாயை அழுத்திவிடுவார். இயந்திரத்தை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அறை வாடகையை முழுக்க இணையத்தில் கட்டிவிட்டோம். ஆனால் ஹோட்டலில் இரண்டு பேருக்கு நான்கு இரவுக்கு 48 யூரோ தனியாகக் கேட்டு வாங்கினார்கள். இது என்ன? (ஈரோடு வாசகர்)

பதில்: அது நகராட்சி வரி. மூன்று நட்சத்திர ஹோட்டலில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ. உங்கள் கணக்கு சரியாக வருகிறது. நட்சத்திரம் கூடினால் வரியும் கூடும். பத்து இரவுக்கு மேல் கிடையாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வாங்கக் கூடாது. வாங்கியிருந்தால் திருப்பிக் கேளுங்கள். ரசீது அவசியம் வாங்குங்கள்.

கேள்வி: தெருவில் விரித்து விற்கும் கைப்பை, பெரிய பிராண்ட் பெயரோடு 30 யூரோவுக்குக் கிடைக்கிறது. வாங்கினால் தவறா? (தூத்துக்குடி வாசகி)

பதில்: வாங்காதீர்கள். இத்தாலியில் போலிப் பொருளை விற்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும் அபராதம் உண்டு. 7,000 யூரோ வரை போகலாம். 30 யூரோ பைக்கு அந்த ஆபத்து தேவையில்லை.

நல்ல தோல் பொருளைக் கடையில் வாங்குவதானால் வரித் திருப்பம் கேளுங்கள். அங்கே 22 சதவீத மதிப்புக்கூட்டு வரி விலைக்குள்ளேயே இருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினாலே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் திரும்பப் பெறலாம்; முன்பு 155 யூரோ அளவுக்கு வாங்க வேண்டியிருந்தது. கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்குங்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன் சுங்க ஒப்புதல் பெறுங்கள். பொருளைக் காட்டச் சொல்லலாம், அதனால் பெட்டியின் மேல்பகுதியில் இருக்கட்டும். இடைத்தரகு நிறுவனம் கழிவு எடுத்துக்கொள்ளும், 22 சதவீதமும் கைக்கு வராது. சாப்பாட்டுக்கும் அறைக்கும் இது கிடையாது.

கேள்வி: வாடகைக் கார் எடுத்து ரோமைச் சுற்றிவிட்டு வந்தோம். எட்டு மாதம் கழித்து அபராதக் கடிதம் வந்திருக்கிறது. மோசடிக் கடிதமா? (பெங்களூர் வாசகர்)

பதில்: உண்மையான கடிதமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நகரின் பழைய பகுதிக்குள் அனுமதி இல்லாத வண்டிகள் குறிப்பிட்ட நேரங்களில் நுழையக் கூடாது. நுழைவில் கேமரா இருக்கும், மேலே மின்பலகை இருக்கும். 'வார்கோ அத்தீவோ' என்று எரிந்தால் கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறது, போகாதே என்று பொருள். 'அத்தீவோ' என்பதைத் திறந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு நுழைகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம். வாடகை நிறுவனம் உங்கள் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்கென்று தனியாக ஒரு தொகையைக் கார்டில் எடுத்திருக்கும். அது அபராதம் அல்ல, அதைக் கட்டியதால் அபராதம் தீராது. கடிதம் கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டினால் முப்பது சதவீதம் தள்ளுபடி உண்டு. கடிதத்தில் உள்ள வண்டி எண்ணையும் நாளையும் நேரத்தையும் உங்கள் வாடகை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுவிட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: வயதான அப்பா அம்மாவோடு போகிறோம். டிக்கெட்டுக்கே ஆயிரக்கணக்கில் போய்விடும் போலிருக்கிறது. மூத்த குடிமக்கள் சலுகை உண்டா? செலவில்லாமல் என்ன பார்க்கலாம்? (நாகர்கோவில் வாசகி)

பதில்: மூத்தவர் சலுகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு அருங்காட்சியகங்களில் இருந்த இலவச அனுமதியை 2014-லேயே எடுத்துவிட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்கும் இலவசம். ஆனால் பெரியவர்களை அந்த வரிசையில் நிற்க வைக்க வேண்டாம். பழைய ரோமானியக் கோயிலான பாந்தியோனுக்கு 2023 ஜூலையிலிருந்து 5 யூரோ. அந்த ஐந்து யூரோவைக் கொடுத்து உள்ளே போங்கள்; ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கும் அந்தக் கூரையின் நடுத் துளையிலிருந்து வெளிச்சம் இறங்குவதை அப்பா அம்மா பார்க்க வேண்டும்.

ரோமின் உண்மையான செல்வம் தேவாலயங்களில், பெரும்பாலும் கட்டணமே இல்லாமல் இருக்கிறது. நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தேய் பிரான்செசி என்ற தேவாலயத்தில், புனித மத்தேயுவைப் பற்றிக் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று ஓவியங்கள் ஒரே சிற்றாலயத்தில் இருக்கின்றன. அங்கிருந்து சில நிமிட நடையில் சாந்த் அகொஸ்தினோ. அங்கே கரவாஜ்ஜோ வரைந்த மரியன்னையின் முன் இரண்டு ஏழை யாத்திரிகர்கள் மண்டியிட்டிருப்பார்கள். அழுக்குப் படிந்த உள்ளங்கால்கள் நம் முகத்துக்கு நேராகத் தெரியும். பாத யாத்திரை போன வழக்கம் உள்ள நமக்கு அதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் அங்கே நெடுநேரம் நின்றேன். கொலோசியத்துக்குப் பக்கத்தில் சான் பியெத்ரோ இன் வின்கோலியில் மிக்கேலாஞ்சலோவின் மோசே சிலை. புனித பேதுரு பேராலயத்துக்கும் கட்டணம் இல்லை. காலை ஏழரைக்குள் போனால் சோதனை வரிசை குறைவு. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவைக்கும் வேட்டிக்கும் எந்தத் தடையும் இல்லை. பல தேவாலயங்கள் மதியம் சில மணி நேரம் மூடிவிடும் என்பதால் காலையில் கிளம்புங்கள். சிலவற்றில் நாணயம் போட்டால்தான் ஓவியத்துக்கு மேல் விளக்கு எரியும், சில்லறை வைத்திருங்கள்.

விமான நிலையத்திலிருந்து நான்கு பேருக்கு ரயிலைவிட டாக்சி லாபம். ஃபியுமிச்சீனோவிலிருந்து பழைய மதிலுக்குள் எங்கே போனாலும் வண்டிக்கு 55 யூரோ நிலைக்கட்டணம், பெட்டிகள் உட்பட. நேரடி விரைவு ரயில் ஆளுக்கு 14 யூரோ, இறங்கிய பிறகு மறுபடி வண்டி பிடிக்க வேண்டும். வரிசையில் நிற்கும் வெள்ளை டாக்சியில் மட்டும் ஏறுங்கள். உள்ளே வந்து 'டாக்சி, டாக்சி' என்று கூப்பிடுபவரோடு போகாதீர்கள்.

ஊரைச் சுற்றும்போது தண்ணீருக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். நகரம் முழுக்க, 'நசோனி' என்ற இரும்புக் குடிநீர்க் குழாய்கள் ஏறத்தாழ 2,500 இருக்கின்றன. 1870-களிலிருந்து ஓடுகின்றன, வீட்டுக் குழாயில் வரும் அதே நல்ல தண்ணீர், வெயில் காலத்திலும் சில்லென்று இருக்கும். பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம். அம்மாவால் குனிய முடியாவிட்டால், குழாய் வாயைக் கீழே விரலால் அடைத்துப் பிடியுங்கள். மேலே வளைவில் ஒரு சின்னத் துளை இருக்கிறது, அதிலிருந்து தண்ணீர் மேல்நோக்கிப் பீய்ச்சும். நின்றபடியே குடிக்கலாம்.